விவரங்களுக்கு அழைக்கவும்

"மியூசியம் எத்தன மணிக்கிங்க தொறக்குறது?"

போர்வைக்குள் கிடந்த சோலைமலை, போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். வெளியே நல்ல வெயில். ராத்திரி முழுக்க ஸ்டோரில் கொழுந்து வாட்டிவிட்டு வந்து, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.

"ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்தார்.

அந்த ஆள் மறுபடி எடுத்தார். இறம்பொடைப் பக்கம் புதிதாகத் தோட்ட வரலாற்று மியூசியம் ஒன்று திறந்திருக்கிறார்களாம். அதன் நோட்டீசில் 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று இந்த நம்பர்தான் போட்டிருக்கிறதாம். அச்சடித்தவர் ஏதோ ஓர் இலக்கத்தில் கண்ணசந்திருக்க வேண்டும். சோலைமலையோ ராகலைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவர். இறம்பொடையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இதையெல்லாம் அவர் விளக்கிச் சொல்லி முடித்தபோது, தூக்கம் அடுத்த மலைக்குப் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. தினமும் யாராவது எடுத்தார்கள்.

போனை அணைத்து வைக்க வழியில்லை. மனைவி நாகலெட்சுமி பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுப்பவள். போன வருஷம் அதே லயத்தில் பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் போட்டதிலிருந்து, போன் புருஷனின் தலைமாட்டில் விழித்திருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. மலையில் யாருடைய போனுக்கு டவர் கிடைக்கிறதோ அதிலிருந்துதான் பேச முடியும். அதனால் தெரியாத நம்பரை எடுக்காமல் விடவும் முடியாது.

மியூசியத்தின் சரியான நம்பர் என்னவென்று ஒருவரிடம் கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் நோட்டீசைத் தேடி எடுத்து, சோலைமலையின் நம்பரையே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார்.

அடுத்து, மியூசியம் பூட்டியாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசம். ஏன் பூட்டினீர்கள், எப்போது திறப்பீர்கள், யாரிடம் முறைப்பாடு செய்வது என்று பேச்சு நீண்டது. இறம்பொடையிலிருந்து ஒருவர் அழுகிற குரலில் நியாயம் கேட்டார். அவரை ஆறுதல்படுத்த, செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பூட்டு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. 'இல்லை' என்றால் பத்துக் கேள்வி வருகிறது. கேட்டதற்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்கள். கண்ணைத் திறக்கவே வேண்டியதில்லை.

அதன் பிறகு சோலைமலை கனவுக்கு வெளியே வராமலே பதில் சொல்லத் தொடங்கினார். தலையில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் இறங்குவதாகக் கனவு கண்டுகொண்டிருக்கையில் ஒருவர், நடக்க முடியாதவர்கள் எந்தப் பக்கமாக ஏறுவது என்று கேட்டார்.

"படியில வேணாங்க. பின் பக்கமா சரிவா ஒரு பாத, அது வழியா."

இன்னொரு நாள் கனவில் கோயில் வாசலில் நின்றார்.

"செருப்பு கழட்டணுங்களா?"

"கழட்டாம உள்ள வரப்படாது."

குடிக்க ஏதும் உண்டா என்று கேட்டவருக்கு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ என்று சொன்னார். அந்த நேரம் அவர் நாக்கு அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது. நல்லபடியாகப் பதில் சொல்லுகிற ஆள் என்று பெயர் பரவியதோ என்னவோ, அழைப்புகள் இரட்டிப்பாயின. ஒருநாள் மத்தியானம் மிகப் பணிவான குரல் ஒன்று கேட்டது.

"எல்லாத்தையும் பாத்து முடிச்சதுக்கு அப்பறம் என்னங்க செய்யிறது?"

"கொஞ்ச நேரம் தூங்க விடுங்க" என்று சோலைமலை கெஞ்சினார்.

மறுமுனை உடனே ஏற்றுக்கொண்டது. "சரிங்க ஐயா" என்றது.

அவர் பார்த்தேயிராத மியூசியம், தூக்கத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்தது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உத்தரத்தில் தொங்கும் பழைய கொழுந்துக் கூடைகள் காற்றில்லாமலே ஆடும். எப்போதோ கப்பலேறி வந்த முன்னோர்கள் வரிசையில் நின்று, திறந்திருக்கிறதா என்று கேட்பார்கள். திறந்திருக்கு, வாங்க என்பார் இவர். ஆனால் அதெல்லாம் தூக்கத்தில் சேர்த்தியில்லை. எழுந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும்.

ஸ்டோரில் ஒருநாள் வாடுகிற கொழுந்தைக் கிளறிவிடப் போனவர், அந்த மெத்தென்ற பச்சையைக் கண்டதும் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து எழுப்பியபோது, தூங்கியபடியே அவரிடம் செருப்பைக் கழற்றச் சொன்னாராம். இன்னொரு தடவை இப்படிக் கண்டால் ஸ்டோர் வேலை கிடையாது, புல்லு வெட்டுகிற ஆட்களோடு மலைக்குப் போக வேண்டியதுதான் என்று டீமேக்கர் சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய அடி ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏங்க, குளவி..."

"செவ்வாக்கெழம பூட்டுங்க. நாளைக்கி வாங்க."

வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சாயந்தரம் நாகலெட்சுமி ஒரு கன்னம் பணியாரமாக வீங்க வந்து நின்றாள். இரண்டு குளவிதான் கொட்டியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் குளவியே தேவலை என்று சோலைமலைக்குத் தோன்றியது.

"என்னய நாளைக்கி வரச்சொன்னீங்களே, இன்னைக்கே வந்துட்டேன்" என்றாள். சோறு போட்டாள். படுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னாள். "அந்த நம்பர அழிச்சிட்டு வாங்க. இல்லாட்டி அங்கயே இருந்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை சோலைமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். ராகலையில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, இறம்பொடையில் இறங்கியபோது பனிமூட்டம் ரோட்டையே விழுங்கியிருந்தது. எங்கோ அருவி விழும் சத்தம் மட்டும் கேட்டது. வழியெல்லாம் அவருக்கு மனம் உறுத்திக்கொண்டே வந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி எத்தனை பேரை ஏமாற்றியாகிவிட்டது. ஏலாதவர்கள் சரிவுப் பாதையைத் தேடி அலைந்திருப்பார்கள். வயதானவர்கள் பிளேன்டீ கேட்டு அவமானப்பட்டிருப்பார்கள்.

கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் ஒன்றைத்தான் மியூசியமாக்கியிருந்தார்கள். முன்வாசல் படியில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. 'படி வேண்டாம். பின் பக்கமாக வரவும்' என்று பலகை. அதன் கீழே, 'செவ்வாய் பூட்டு'. சோலைமலை பலகையைத் தடவிப் பார்த்தார். பெயின்ட் காய்ந்திருந்தது.

பின் பக்கம் சிமெந்து போட்ட சரிவுப் பாதை ஒன்று பனிக்குள்ளிருந்து மெல்ல மேலேறிப் போயிற்று. ஒரு சக்கர நாற்காலிக்காரரை அவருடைய மகள் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று பழைய தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிளேன்டீ. இஞ்சி வாசம்.

இது தூக்கம்தான் என்று சோலைமலை முடிவு செய்தார். ஸ்டோரில் மறுபடி தூங்கிவிட்டோம், இதோ டீமேக்கர் வரப்போகிறார் என்று பயந்து கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது.

கடைசி அறையில் பாய்கள் விரித்திருந்தன. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு குடும்பமே தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில், 'பார்த்து முடித்தவர்கள் கொஞ்ச நேரம் தூங்கலாம்' என்று எழுதியிருந்தது.

சோலைமலைக்குக் கண் கலங்கியது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னதெல்லாம் அப்படி அப்படியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே இவ்வளவு தூரத்தைப் பார்த்திருக்கிறார் என்றால், நாக்கில் ஏதோ ஒரு தெய்வம்தான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாகலெட்சுமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு பாயில் சாய்ந்தார். போன் அடிக்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு, கனவே இல்லாமல் தூங்கினார்.

யாரோ மெதுவாகத் தோளைத் தொட்டார்கள். கழுத்தில் மப்ளர் சுற்றிய பெரியவர், கையில் சாவிக்கொத்து. நல்லமுத்து என்று பெயர் சொன்னார். மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். பூட்டுகிற நேரம் ஆகிவிட்டது, ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று உபசரித்தார்.

சோலைமலை எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். இடம் நல்ல இடம், ஒரு குறையும் இல்லை என்றார். வந்த காரியத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நோட்டீசில் இருக்கிற போன் நம்பரை மட்டும் அழித்துவிட வேண்டும்.

நல்லமுத்து சாவிக்கொத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது மட்டும் முடியாதுங்க. கொழும்பு ஐயாமாரு சாவியையும் நோட்டீசையும் குடுத்துட்டு போனவங்கதான், திரும்ப வரவே இல்ல. அந்த நம்பர்ல இருக்க பெரிய ஐயாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் இங்க எல்லாத்தையும் செஞ்சி வச்சிருக்கோம்."