கத்தரிக்காய்க்கு வந்த ஜெர்மனிக் கடிதம்

2004ஆம் ஆண்டு தை மாதம். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. ஆம்பூரில் ஷூ தைப்பவர்கள், பேரணாம்பட்டில் பெல்ட் செய்பவர்கள், பை விற்பவர்கள் என்று ஒரே கூட்டம். உலகத்துக்கே செருப்பு மாட்டிவிடுகிறவர்கள், சொந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாடி ஏறினார்கள். மேலே எழுந்தருளியிருந்தவர் வலைச்சித்தர் இன்பானந்தர்.

பழைய பெயர் இன்பசேகரன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் செத்துப்போகும் என்று ஊர் பயந்தபோது, மானிட்டருக்குத் தாயத்து கட்டினார். ஒன்றும் சாகவில்லை. தாயத்து கட்டாததும்தான் சாகவில்லை. அதை யார் யோசித்தார்கள்? அவர் சித்தராகிவிட்டார்.

இப்போது வெப்சைட்டுக்கு வாஸ்து பார்க்கிறார். இந்துவின் சைட்டுக்கு எலுமிச்சம்பழம், கிறிஸ்தவரின் சைட்டுக்கு ஜெபித்த எண்ணெய், முஸ்லிமின் சைட்டுக்கு நீலக்கயிறு. ஏமாற்றுவதில் மட்டும் நம் நாட்டில் மதபேதமே கிடையாது.

"ஓசியில கெடைக்கிற சைட்டெல்லாம் பஸ் ஸ்டாண்டு மாதிரி. கண்டவன் கண்ணும் படும். நம்ம அருள்தளம் வடக்கு பாத்த சர்வர்!" என்பார். அந்த சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

விதிகளும் உண்டு. படங்களை ஃபிளாப்பியில் போட்டு மஞ்சள் துணியில் முடிந்து தர வேண்டும். சைட்டில் போன் நம்பர் கூடாது, எண்ணில் தோஷம் இருக்கும். வெளிநாட்டுக் கடிதமெல்லாம் சித்தரின் இமெயிலுக்கே வரும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளைக்கு, சைட்டின் சொந்தக்காரர் அதைத் திறந்து பார்க்கவே கூடாது. பார்த்தால் திருஷ்டி!

கடை வைத்தவன் தன் கடையைப் பார்க்கக் கூடாது என்று எவனாவது சொன்னால் அடிக்கப் போவார்கள். கம்ப்யூட்டரில் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரில் தோல் கையுறை தைக்கும் கன்னியப்பனும் போட்டுக்கொண்டார். எட்டு மெஷின், எட்டுப் பெண்கள், ஒரு சின்ன ஷெட். அவருக்கு ஜெர்மனியிலிருந்து இதுவரை மூன்று கடிதம் வந்துவிட்டது. மூன்றிலும் பாராட்டு மட்டும். ஆர்டர் வர இன்னும் ஒரே ஒரு பரிகாரம் பாக்கி என்று மூன்று முறையும் சித்தர் சொன்னார். அந்த மிதப்பில், ஆம்பூர் ஃபேக்டரி மேனேஜர் முக்தார் அகமது தர வந்த ஒரு வருடத் தையல் வேலைக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, கைல வர்ற வேலைய உட்டுட்டு எதுக்கோ காத்துனு கெடக்கிறீங்க? எட்டுப் பொம்பளைங்க மெஷின தொடச்சிட்டு சும்மா வூட்டுக்குப் போறாங்க. அடுத்த மாசம் ஷெட்டையே மூட வேண்டியதுதான்" என்றார் மனைவி மோகனா.

"ஜெர்மனிக்காரன் வரும்போது கூலி வேல செஞ்சினு இருந்தா மதிப்பானா?"

மோகனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பிரௌசிங் சென்டர் நடத்தும் சாராவிடம் போனார்.

"சைட்டுன்னா கடைப் பலகை மாதிரி அக்கா" என்றாள் சாரா. "யாரு பாக்கணும், பாத்துட்டு யாரக் கூப்புடணும், அத மொதல்ல முடிவு பண்ணணும். ஓசித் தளமோ காசுத் தளமோ, சாவி நம்ம கைல இருக்கணும். உங்க சாவி யார்கிட்ட இருக்கு?"

"சித்தருகிட்ட."

"உள்ள இன்னா இருக்கு?"

"பாக்கக் கூடாதாம்."

சொல்லும்போதே மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது ஒரு யோசனையும் வந்தது. மார்க்கெட்டுக்குப் போய் ஒரு முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவந்தார். சாரா படம் பிடித்து ஃபிளாப்பியில் போட்டாள். 'புது மாடல் கையுறை' என்று எழுதி, மஞ்சள் துணியில் முடிந்து, பக்தியோடு சித்தரிடம் சேர்த்தார் மோகனா. சித்தரின் ஆட்கள் பழைய படத்தை எடுத்துவிட்டு, துணிக்குக் குங்குமம் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஏற்றிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. கூட்டத்தின் நடுவே சித்தர் ஒரு தாளை உயர்த்தினார்.

"கன்னியப்பா! காலைலதான் வந்திச்சி. 'உங்கள் புது மாடலைப் பார்த்தோம். தையல் நெருக்கம் அருமை. கட்டைவிரல் வளைவு அபாரம்.' இன்னும் ஒரே ஒரு பரிகாரம்தான்!"

மோகனா எழுந்தார். "அந்தப் புது மாடல எல்லாரும் ஒரு தபா பாக்கட்டும் சாமி."

"மண்டலம் முடியல தாயே. திருஷ்டி!"

"எங்களுக்குத்தான பாக்கக் கூடாது? நாங்க ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிறோம்."

மூடிக்கொண்டார். கன்னியப்பனும் இறுக மூடிக்கொண்டார். பெல்ட் வியாபாரி ஒருவர் ஆர்வம் தாங்காமல் சித்தரின் கம்ப்யூட்டரிலேயே அந்த சைட்டின் முகவரியைத் தட்டினார். அந்தக் காலத்து நெட்; படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. முதலில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"விரல் தெரியுது!" என்று ஒருவர் கும்பிட்டார்.

விரலில் முள் இருந்தது. முள்ளுக்குக் கீழே ஊதா நிறத்தில் உருண்டு திரண்டு வந்தது. ஒருவர் சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது.

"இன்னா வந்திச்சி? இன்னா வந்திச்சி?" என்றார் கன்னியப்பன், கண்ணைத் திறக்காமலே.

"கத்திரிக்காங்க" என்றார் மோகனா. "கண்ணத் தொறங்க. ஒம்போது நாளா அதான் இருக்குது."

சித்தர் சளைக்கவில்லை. "ஜெர்மனிக்காரன் ஞானக்கண்ணால பாத்திருக்கான்!"

"கத்திரிக்காயில தையல் எங்க சாமி இருக்குது?"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் சைட்டைத் திறந்து பார்த்தார்கள். பை விற்பவரின் சைட்டில் பெல்ட் இருந்தது. பெல்ட் வியாபாரியின் சைட்டில் யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. ஒன்றிலும் போன் நம்பர் இல்லை. உள்ளறையில் எட்டிப் பார்த்தால், ஜெர்மனியும் இத்தாலியும் ஒரே கீபோர்டில் தட்டச்சாகிக்கொண்டிருந்தன. இன்பானந்தர் பின்படி வழியாக மறுபடியும் இன்பசேகரன் ஆனார்.

கன்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசி, கீழே எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். அவமானத்தைவிட பயம்தான் அதிகம். எட்டு மெஷினின் பிழைப்பு அந்த ஒரு போனில் இருந்தது.

"அரே, கன்னியப்பன்!" என்றார் முக்தார் அகமது. "நேத்து உங்க சைட்ட தொறந்தேன். கத்திரிக்கா இருந்திச்சி, போன் நம்பர் இல்ல. தொழில மாத்திட்டீங்கன்னு நெனச்சி, வேலைய நாளைக்கு வேற ஆளுக்குக் குடுக்க இருந்தேன்."

"குடுத்துடாதீங்க பாய்! நான் செய்றேன்."

"காலைல சாம்பிள் எடுத்துனு வாங்க. கத்திரிக்காயும் ரெண்டு கிலோ."

அன்றுவரை அந்த சைட்டை நிஜமாகத் திறந்து பார்த்த ஒரே வெளியாள் முப்பது மைலுக்குள்தான் இருந்தார். சாரா போட்டுத் தந்த ஓசிப் பக்கத்தில் இப்போது கையுறைப் படமும் விலாசமும் போன் நம்பரும் இருக்கின்றன. சாவி மோகனாவிடம்.

இன்பசேகரன் வேறு ஊரில் செல்போனுக்கு ராசி ரிங்டோன் விற்கிறாராம். அங்கேயும் படிக்குக் கீழே செருப்புகள் குவிகின்றனவாம். தோலை மடக்கிப் பார்த்து, வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து வாங்குகிற புத்திசாலிகளே, சாமியாரை மட்டும் ஏன் ஐயா ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறீர்கள்?