ஏழு மொட்டை அழைப்புகள்

பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் மனுவின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கோப்பில் சேர்த்து முடித்துவிடலாம். அரசு அலுவலகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கும் தெரிந்த விதி இது. மொட்டைக் கடுதாசிக்காக ஏற்பட்ட இந்த விதியைச் செல்போனுக்கும் பொருத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தியாவிலேயே, எங்கள் ‘முறைப்படி’தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். அங்கே நான் வட்டாட்சியர், அவர் தலைமை எழுத்தர். எதைக் கேட்டாலும் “முறைப்படி வரட்டும் சார்” என்பார். அதனால் அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அவர் மகள் சுமதி ஒரு செல்போன் வாங்கித் தந்தாள். தேனியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த பெண். அப்பா மறுநாளே ஒரு நீள நோட்டில் கோடு போட்டுவிட்டார். வரிசை எண், தேதி, நேரம், அழைத்த எண், எடுத்த நடவடிக்கை. போனில் பெயர் பதிந்த ஆள் என்றால் முதல் மணியிலேயே எடுப்பார். பதியாத எண் என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு எழுதுவார்: ‘மொட்டை அழைப்பு. நடவடிக்கை தேவையில்லை.’

பெயர் பதிவதும் லேசில் நடக்காது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், அழைக்க வேண்டிய காரணம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அவருக்கு மேலதிகாரி. நானும் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘அலுவல்’ என்று போட்டிருந்தேன். ‘தெளிவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்.

மாவட்டத்துக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரி மழைச்சேத விவரம் கேட்டு ஒருநாள் மூன்று முறை அவரை அழைத்திருக்கிறார். மூன்றுக்கும் சிவப்புப் பொத்தான். நோட்டைப் புரட்டியபோதுதான் நான் பார்த்தேன்.

“என்னய்யா இது? இது யாரு நம்பர்னு தெரியுமா உமக்கு?”

“தெரியாது சார். அதனாலதான எடுக்கல.”

மழைச்சேத விவரத்தை நானே எடுத்துப் போய் அந்த அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து ஒருநாள் அவர் மனைவி பாண்டியம்மாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“வீட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சுன்னு பக்கத்து வீட்டு போன்ல இருந்து அஞ்சு தடவை அடிச்சேன் சார். எடுக்கல. பாம்பு சமையக்கட்டைச் சுத்திப் பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. இவுக சாயந்தரம் ஆடி அசைஞ்சு வந்து ‘என்ன விசேசம்’ங்கிறாக!”

முறைப்படி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “உன் நம்பர்ல இருந்துல்ல கூப்பிட்டிருக்கணும்?”

“என் போனு பாம்பு இருந்த ரூம்புல கெடந்துச்சு!”

அதுவரை நாங்கள் அதிர்ந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தை பிறந்ததும் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தன் மகனுக்குச் சுமதியைப் பெண் பார்க்க வந்தார். அதற்கு முன் வந்த ஆறு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள் சுமதி. இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு “சரிப்பா” என்றாளாம். தோட்டக்காரர் எழுந்திருக்கும்போது, “வீட்ல கலந்துக்கிட்டு ரெண்டு நாள்ல போன் போடுறேன்” என்றார். முறைப்படி அவரிடமும் தாளை நீட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தகப்பனார் பெயர் வரை எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘சம்பந்தம்’ என்று போட்டுக் கொடுத்தார். அதை மட்டும் முறைப்படி திருப்பவில்லை.

பிறகு காத்திருந்தார். போனை மேசையில் கோப்புக் கட்டின்மேல் சாய்த்து வைத்திருப்பார். “இன்னைக்கும் ஓடைப்பட்டிக்காரக கூப்பிடல சார்” என்பார். சொல்லி வாய் மூடுமுன் போன் அடிக்கும். பார்ப்பார். தெரியாத எண். அமுக்குவார். எழுதுவார். “பிடிக்கலைன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவுக” என்று பெருமூச்சு விடுவார்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, பயிர்க் கணக்கைச் சரிபார்க்க நான் ஓடைப்பட்டிக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில் அந்தத் தோட்டக்காரரே எதிரே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உங்க ஆபீஸ் பெரியவருக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல சார்?”

“யார் சொன்னது? அவர் உங்க போனுக்குத்தான் காத்துக் கிடக்கிறார்!”

“நல்ல கதையா இருக்கே. மருந்தடிக்கையில என் செல்லு டிரம்முக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. டிரைவர் போன், ஷெட்டு போன், காயின் பாக்ஸுன்னு கெடச்சதுல எல்லாம் ஏழு தடவை அடிச்சேன். ஏழு தடவையும் கட் பண்ணுறாரு!”

பக்கத்தில் நின்ற டிரைவரின் போனை வாங்கி நானே அடித்தேன். இரண்டு மணி. கட். பதறிப்போய் என் போனில் அடித்தேன். முதல் மணியிலேயே கணீரென்று கேட்டது: “சொல்லுங்க சார்!”

அதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் செய்ததில்லை. தோட்டக்காரரின் முகம் கறுத்துவிட்டது.

“அதான பாத்தேன். ஆபீசருன்னா எடுக்கிறாரு. தோட்டக்காரன்னா கட்டு. விடுங்க சார். செவ்வாக்கெழம கெங்குவார்பட்டியில வேற பொண்ணு பாக்கப் போறோம்.”

போனை அவரிடம் நீட்டினேன். வாங்காமல் பந்தலுக்குள் நடந்துவிட்டார்.

அன்று மாலை முறைப்படியின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். ஏழும் இருந்தன, தேதி, நேரம் எதிலும் பிசகில்லை. பாண்டியம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “பாம்பு வந்த அன்னைக்கே அந்த எழவு போனைக் கெணத்துல போட்டிருக்கணும்!”

சுமதி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

“என் கல்யாணத்துக்கு நடவடிக்கை தேவையில்லைன்னு ஏழு தடவை எழுதியிருக்கீகப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. விடுப்புக் கடிதமும் இல்லை. பியூன் பயந்தே போனார். “அய்யா, ஆளு உசுரோட இருக்காகளா? யாராச்சும் போய்ப் பாத்துட்டு வரவா?”

மதியம் வந்தார். முதல் பஸ்ஸில் ஓடைப்பட்டி போய்த் திரும்பியிருக்கிறார். கொடுத்து வந்த கடிதத்தின் நகலை என் மேசையில் வைத்தார். ‘பொருள்: தங்கள் ஏழு தொலைபேசி அழைப்புகள் ஏற்கப்படாதது – தொடர்பாக.’ அதன் கீழே ‘பார்வை’ என்று போட்டு, ஒன்று முதல் ஏழு வரை, தேதியும் நேரமும் எண்ணும். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பத்தியில் நின்றுவிட்டது.

‘தவறு முழுவதும் என்னுடையது. என் மகளுக்கு இதில் பங்கில்லை. தங்கள் மகனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. தாங்கள் மறுபடி அழைக்க வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.’

தவறு என்னுடையது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்தும் போட்ட தாளை என் சர்வீஸில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

“அவர் கையில குடுத்தீங்களா?”

“தோட்டத்துல இல்ல சார் அவுக. பழம் வெட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மாட்ட குடுத்துட்டு வந்தேன்.”

“வாங்கினதுக்குக் கையெழுத்து?”

“மறந்துட்டேன் சார்.”

முறைப்படி மறந்துவிட்டார்! நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எல்லா அழைப்பையும் எடுக்க ஆரம்பித்தார். கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், “வேண்டாம் ஆத்தா. நீ எந்த ஊரு? சாப்பிட்டியா?” என்றார். கோழித்தீவனக் கடை என்று நினைத்துக் கூப்பிட்ட ஒருவரை லைனில் நிறுத்திவைத்து, பியூனை அனுப்பித் தீவன விலை விசாரித்துச் சொன்னார். நோட்டைக் காணோம். செவ்வாய்க்கிழமை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“இந்நேரம் கெங்குவார்பட்டி போய்ச் சேந்திருப்பாகள்ல சார்?”

கோப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை அலுவலகத் தபாலோடு, அவர் பெயருக்கு ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. ‘கெங்குவார்பட்டிக்குப் போகவில்லை. உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியதே பையன்தான். வாசித்த பிறகு வண்டியில் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். எனக்கும் கோபம் போய்விட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம்.’

மூன்று முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தபால் கட்டிலிருந்து அதைத் தனியே எடுத்துவைத்தார்.

“சொந்தக் கடிதம் சார். ஆபீஸ் தபால்ல சேராது.”

சேராதுதான். சொந்தக் கடிதத்தில் அலுவலக முத்திரை குத்தவும் கூடாது. குத்தினவரிடம் விளக்கம் கேட்கலாம். தேதி முத்திரையை நானே எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, அந்தக் கடிதத்தின் நெற்றியில் அழுத்திக் குத்தினேன்: 8 பிப்ரவரி 2007.