லுபோர் வீட்டில் பீப்பாய் திறந்த சனிக்கிழமை

மூன்றாவது வாளியும் நுரையால் நிரம்பியபோது லுபோர் குழாயை மூடினார். மூடிய பிறகும் குழாய் முனை நுரையைத் தும்மிக்கொண்டே இருந்தது.

துவைத்த துணிக்கூடையோடு கார் கொட்டகை வாசலில் நின்ற அவர் மனைவி ரெனாத்தா வாளிகளை வரிசையாகப் பார்த்தாள்.

"இதுல பீர் எங்க இருக்கு?"

"அடியில."

ஒரு வாளியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடை அளவு மஞ்சளாக ஏதோ இருந்தது.

"ஊர் மொத்தமும் சாயங்காலம் வருது. ஆளுக்கு ஒரு கரண்டி வெச்சுடலாமா?" என்றாள்.

லுபோருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. பக்கத்து நகரத்தில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே வயதானவர். பயம் வந்தால் எங்கே நின்றாலும் அந்தக் கால் பிரேக்கைத் தேடும்.

யாவோர்க்கா கிராமத்தில் இருந்த ஒரே மதுக்கடையைப் பனிக்காலம் முடிந்ததும் ஹவ்ரானெக் பூட்டிவிட்டார். அவருடைய இரண்டு முழங்கால்களும் மக்கர் பண்ணிவிட்டன. கடையை எடுத்து நடத்த ஒருவரும் முன்வரவில்லை. கொஞ்ச நாள் ஊர்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பாட்டில் பீர் குடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பேருந்தும் வந்து நின்று, கதவைத் திறந்து, "ஏறுறீங்களா, இல்லையா?" என்று கேட்டது அவர்களை ரொம்பவும் புண்படுத்தியது. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் பீப்பாய் திறப்பது.

இதுவரை எந்த வீடும் உருப்படவில்லை. ஊர்த்தலைவர் குபிச்செக் வாழ்நாள் முழுக்கக் குளிர்பெட்டி பழுது பார்த்தவர். அவர் வீட்டுப் பீர் வெந்நீராக இருந்தது. வேதியியல் ஆசிரியை வீட்டுப் பீரில் ஒரு குமிழி கிடையாது. அடுத்த வீட்டு போஹுஷ், ஹவ்ரானெக்கின் கடையிலேயே பல வருஷம் பீர் ஊற்றியவர். அவர் வீட்டில் பீர் தோட்டத்து ரப்பர் குழாய் போல நாறியது. எல்லா வீட்டிலும் ஹவ்ரானெக் முதல் கிளாஸில் ஒரு மடக்கு குடித்தார். பிறகு கிளாஸுக்கு அடியில் இருந்த வட்ட அட்டையை எடுத்து அதன் வாயை மூடினார். போதும் என்று அர்த்தம். எழுந்து தடியை ஊன்றிப் போய்விட்டார்.

அப்படிப்பட்ட கைதேர்ந்தவர்களே தோற்ற இடம். லுபோரோ ப்ர்னோ நகரத்திலிருந்து குடிவந்தவர். இரண்டு வருஷமாகியும் ஊரில் அவருக்குப் பெயர் 'ப்ர்னோக்காரர்'தான். மதுக்கடை இருந்த காலத்திலும் கதவோர மேசைதான் அவருக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் பனிக்காற்று அடிக்கும். ஊர்க்காரர்கள் கூடும் அடுப்போர மேசையில் உட்காரச் சொல்லி யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதை அவர் ரெனாத்தாவிடம்கூடச் சொன்னதில்லை.

போஹுஷுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வெறும் நுரையா வருது."

"பீப்பாயை எப்படிக் கொண்டுவந்த?"

"கார் டிக்கியில."

"நம்ம ஊர் ரோட்டுலயா? அது தலை சுத்திப் போயிருக்கும் தம்பி. எங்க வெச்சிருக்க?"

"கொட்டகையில. தகரக் கூரை."

"அடக் கடவுளே. பம்பு எத்தனை தடவை அடிச்ச?"

"கை வலிக்கிற வரைக்கும்."

போனில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. "முதல்ல பம்பை விட்டுக் கையை எடு. வெளிக்காத்து உள்ள போனா ராத்திரிக்கே பீர் செத்துடும். ஐஸ்ல வை. ஆடாம அசையாம இருக்கணும். வேற ஒண்ணும் பண்ணாத."

வேற ஒன்றும் பண்ணாமல் இருப்பது லுபோரின் சுபாவத்தில் இல்லை. பீப்பாயை அணைத்துத் தூக்கி, படிக்குப் படி இடித்து, குளியலறைத் தொட்டியில் இறக்கினார். கடையில் இருந்த ஐஸ் மூட்டைகளையெல்லாம் வாங்கிவந்து கொட்டினார். பீர் போகும் குழாயும் குளிர்ந்தால் நல்லதுதானே என்று அதையும் சுருட்டி ஐஸுக்குள் புதைத்தார். ஐஸோடு உப்பு சேர்த்தால் இன்னும் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த உப்பு முழுவதும் போயிற்று.

"சூப்புக்கு உப்பு எங்க?" என்று ரெனாத்தா கேட்டாள்.

"தொட்டியில."

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்தார். நுரை வரவில்லை. பீரும் வரவில்லை. உள்ளே எங்கோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஐஸில் புதைத்த குழாயைத் தொட்டுப் பார்த்தால் குச்சி போல விறைத்திருந்தது.

"உறைஞ்சு போச்சு," என்றார் லுபோர். குரல் பாதிதான் வந்தது.

"அப்படியே விடு. தானா இளகும்."

"அதுக்குள்ள ஹவ்ரானெக் வந்துடுவாரு!"

ரெனாத்தாவின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து குழாய்க்குச் சூடு காட்டினார். ஒரு பக்கம் இளகியது. நம்பிக்கை வந்து இன்னும் கிட்டத்தில் காட்டினார். காலையில் அடித்த பம்பின் அழுத்தம் எல்லாம் பீப்பாய்க்குள் காத்துக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். அடைப்பு விட்டது. 'டப்' என்று குழாய் கழன்று பாம்பு போலத் துள்ளியது. பீர் கூரையில் அடித்தது, கண்ணாடியில் அடித்தது, குளியலறைக் கொடியில் ரெனாத்தா அப்போதுதான் விரித்திருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பில் நிதானமாக அடித்தது. லுபோரின் வலது கால் தொட்டியின் ஓரத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை.

ஒருவழியாகக் குழாயைப் பிடித்துச் செருகினார். இனி அழுத்தமே ஆகாது என்று முடிவுசெய்து, பீப்பாயின் தலையில் இருந்த, காற்றை வெளியே விடும் வளையத்தை இழுத்துப் பிடித்தார். 'உஸ்ஸ்' என்று போக ஆரம்பித்தது. சத்தம் முழுசாக அடங்கும் வரை அவர் விடவில்லை.

அடுத்த கிளாஸ் மெதுவாக, அழுகிற குழந்தையின் மூக்கு போல, ஒழுகி நிறைந்தது. மேலே ஒரு பொட்டு நுரை இல்லை. ரெனாத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஆசிரியை வீட்டுது இதைவிடத் தேவலை."

லுபோர் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டையிலிருந்து பீர் சொட்டியது. ரெனாத்தா அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதோரத்துப் பீரைத் துடைத்தாள்.

"ஒரு சாயங்காலம்தானே லுபோர்? அந்த மூணு பேரும் கெடுக்கலையா?"

"அவங்க ஊர்க்காரங்க. அவங்க கெடுத்தா சிரிப்பாங்க. நான் கெடுத்தா, 'ப்ர்னோக்காரன் வேற எப்படி இருப்பான்'னு சொல்லுவாங்க."

மறுபடி போனை எடுத்தார். "போஹுஷ் அண்ணே, என்னால முடியல. டவுன்ல போய் பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன். பீப்பாயைத் தோட்டத்துல கவுத்துடறேன்."

"ஐயய்யோ, வேணாம்! தொடாத! யாரும் எதையும் தொடாதீங்க!"

போஹுஷ் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ரப்பர் பூட்ஸுமாக ஓடிவந்தார். இவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பீப்பாயைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, முகர்ந்து பார்த்தார்.

"பீருக்கு ஒண்ணும் ஆகல. நீ அடைச்ச காத்தை நீயே வெளிய விட்டுட்ட. நல்லதாப் போச்சு. இதுக்கு வேண்டியது சிலிண்டர். பீருக்குள்ள இருக்கிற அதே வாயு. அது மேல உட்கார்ந்திருந்தா பீர் கெடாது."

"சிலிண்டருக்கு நான் எங்க போவேன்?"

போஹுஷ் அதற்குள் போனில் யாரையோ கூப்பிட்டுவிட்டார். வேதியியல் ஆசிரியை தள்ளுவண்டியில் வாயு சிலிண்டரும் அழுத்தமானியும் கொண்டுவந்தாள். ஊர்த்தலைவர் குபிச்செக் தன் வேனில் ஒரு குளிரூட்டும் பெட்டியை ஏற்றிவந்தார். பீர் அதன் வழியாகப் போனால் கிளாஸில் விழும்போது ஜில்லென்று இருக்குமாம். தொட்டியிலிருந்த பீப்பாயைத் தொட்டில் குழந்தை போல மூன்று பேர் தூக்கித் தோட்டத்து நிழலில் வைத்தார்கள்.

லுபோர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம்…"

"என்ன சிரமம்? நீங்க நம்ம ஆளு," என்றார் குபிச்செக். "பெட்டி இங்கயே இருக்கட்டும். திருப்பித் தரணும்னு அவசரமே இல்ல."

"சிலிண்டரும்தான்," என்றாள் ஆசிரியை. "எனக்கு வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு."

ரெனாத்தா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "போஹுஷ் அண்ணே, இவ்வளவும் தெரிஞ்ச உங்க வீட்டுல அன்னைக்கு ஏன் ரப்பர் நாத்தம் வந்துச்சு?"

போஹுஷ் அழுத்தமானியின் முள்ளைக் கூர்ந்து பார்த்தார். "பதட்டம்மா. எனக்கும் அன்னைக்குப் பதட்டம்."

அவர் சொல்லிக்கொடுத்தார், லுபோர் ஊற்றிப் பழகினார். கிளாஸைச் சாய்க்க வேண்டும். குழாயைத் தயங்கித் தயங்கித் திறக்காமல் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். முதலில் நுரை, அதற்கு அடியில் பீர். ஆச்சரியம், வந்தது! ஆனால் மேசையில் வைத்ததும் நுரை கண்முன்னே கரைந்து மறைந்தது.

"கிளாஸை எதுல கழுவின?"

"சோப்புல. நல்லா நுரை வர, ரெண்டு தடவை."

"அந்த நுரை இந்த நுரையைக் கொன்னுடும் தம்பி! எல்லாத்தையும் அலசு. பச்சைத் தண்ணியில. துணியால தொடாத."

வேலி ஓரமாகக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஆட்கள் பெஞ்சுகளில் நிரம்பிக்கொண்டிருந்தார்கள். லுபோர் கிணற்றுக் குழாயடியில் குனிந்து கிளாஸ் கிளாஸாக அலசினார். கை விறைத்தது. நிமிர்ந்தபோது எதிரே ஹவ்ரானெக் உட்கார்ந்திருந்தார். தடியை முழங்கால்களுக்கு இடையில் ஊன்றி, முன்னால் வட்ட அட்டையை வைத்துக் காத்திருந்தார். தோட்டமே அந்த அட்டையைப் பார்த்தது.

லுபோர் கிளாஸைச் சாய்த்தார். ஒரே இழுப்பு. கால் தரையை அழுத்தியது. இந்த முறை பீர் சரியான நேரத்தில் நின்றது. ஈரமான, தயிர் போன்ற நுரை, மூன்று விரல் உயரம். அதற்குக் கீழே தேன் நிறம்.

ஹவ்ரானெக் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார். குடித்தார். மீசையில் நுரை ஒட்டியது. கண்ணை மூடினார். யாரோ ஒருவர் இருமப் போய் அடக்கிக்கொண்டார். மறுபடி குடித்தார். கிளாஸ் காலியானது.

அட்டையைத் தொடவில்லை. கிளாஸை நீட்டினார்.

"இன்னொண்ணு."

தோட்டம் வெடித்தது. கைதட்டினார்கள், மேசையைத் தட்டினார்கள், குபிச்செக் லுபோரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர்கூட 'ப்ர்னோக்காரர்' என்று சொல்லவில்லை. "லுபோர், இங்க ஒண்ணு!" "லுபோர், நம்ம மேசையை மறந்துடாத!" என்று நாலா பக்கமும் குரல். லுபோர் ஓடி ஓடி ஊற்றினார். வறுத்த தொத்திறைச்சித் தட்டோடு வந்த ரெனாத்தா, இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று நினைத்தாள்.

இருட்டியதும் கூட்டம் கலையத் தொடங்கியது. போஹுஷ் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கால்வாசி இருக்கு. வாயுவை மூடாத. குளிர்லயே வை. குழாய் முனையைத் தினமும் கழுவு. ஒரு வாரம் புதுசாவே இருக்கும்."

"ஒரு வாரம் எதுக்குண்ணே?"

"சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, வந்ததைப் போலவே வேகமாகப் போய்விட்டார்.

ஹவ்ரானெக்கைக் கூட்டிப்போக அவர் மனைவி மிலாதா காரைக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்தினாள். மூன்று கிளாஸ் குடித்த கணவரை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டினாள். லுபோர் ஓடிப்போய்க் கதவை மூடிவிட்டார். முகம் இன்னும் மலர்ந்திருந்தது.

"அடுத்த சனிக்கிழமை யார் வீட்டுலங்கம்மா? சிலிண்டர், பெட்டி எல்லாத்தையும் நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

மிலாதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தோளில் கை வைத்தாள்.

"ஐயோ பாவம், உங்ககிட்ட யாருமே சொல்லலையா? ஒழுங்கா பீர் ஊத்துற வீடு எதுவோ அதுதான் இனிமே ஊருக்கு நிரந்தரமா மதுக்கடைன்னு பேசி முடிச்சிருந்தாங்க. அதுக்குப் பயந்துதானே மத்தவங்க எல்லாம் அந்தப் பாடுபட்டுப் பீரைக் கெடுத்தாங்க!"