வாங்கலை, பொறந்துச்சு

இனிமேல் ஒரு பறவைகூட வாங்குவதில்லை என்று சுகுமாறன் சத்தியம் செய்தது சாமி படத்துக்கு முன்னால், அதுவும் கற்பூரம் ஏற்றி. ஏற்றியவள் அவர் மனைவி புனிதா. மீறினால் பின்பக்கக் கூண்டு, உள்ளே இருக்கும் அத்தனை பட்ஜிக் கிளிகளோடும், காஜாங்கில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்கு லோரி ஏறிவிடும்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கிள்ளானில் அது ஒரு சாதாரண டெரஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. துணி காயப்போட இருந்த ஒரே இடத்தை, ஓய்வு பெற்ற மறுவாரமே கம்பிவலை அடித்துக் கூண்டாக்கிவிட்டார் மனுஷன். நாலு ஜோடியில் ஆரம்பித்தது. ஜோடிகள் தம் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது எத்தனை என்று கேட்டால் அவருக்கே தெரியாது; எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். தினைத்தோல் பறந்துவந்து புனிதாவின் ரசத்தில் மிதக்கும். எத்தனை நாள்தான் அவளும் வடிகட்டுவாள்?

சத்தியம் ஒரு மாதம் தாங்கியது. அன்றைக்கு அவர் கிளிகளுக்குத் தினை வாங்கத்தான் கார்த்திகேசுவின் பறவைக் கடைக்குப் போனார். வாசலில் தனிக்கூண்டில் ஒரு பட்ஜி. உடம்பு சாம்பல் நீலம், கழுத்து மட்டும் ஊதா. அலகுக்கு மேலே பளிச்சென்று நீலம், அப்படியென்றால் ஆண். சுகுமாறனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இது எங்கேர்ந்து, கார்த்திகேசு?"

"ஹாலந்து லைன், அண்ணே. இந்தக் கலரு கிள்ளான்லயே யார்கிட்டயும் கிடையாது லா."

"எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல."

காசைக் கொடுத்து வாங்கி, சப்பாத்து வந்த பழைய அட்டைப்பெட்டியில் வைத்து, தினைப் பைக்கு அடியில் மறைத்து, பின்வழியாக வீட்டுக்குள் நுழைந்து பறவையைக் கூண்டில் விட்டார். புதுப் பறவை என்றால் ரெண்டு நாள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இது நேராக இடதுபக்க ஊஞ்சலுக்குப் போனது. அதில் இருந்த கிழட்டுப் பச்சையை ஒரு கொத்துக் கொத்தி விரட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தது.

வெளிநாட்டு வளர்ப்பு என்றால் சும்மாவா என்று அவர் உருகிக்கொண்டிருக்கும்போது, பின்னால் புனிதா தேத்தண்ணியோடு நின்றாள்.

"யாருங்க இது?"

"பொறந்துச்சு."

"இவ்வளவு பெருசாவா?"

"முட்டையிடுற பொட்டிக்குள்ளயே வளர்ந்திருக்கு. இன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு."

"குஞ்சுன்னா நெத்தி முழுக்க வரி இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இதுக்கு ஒண்ணையும் காணோமே."

சுகுமாறன் தம் தலையைத் தடவிக்கொண்டார். "சில பேருக்குச் சீக்கிரமே வழுக்கை விழுந்துரும், புனிதா."

"வாங்கலையே?"

"சேச்சே. வாங்கல, பொறந்துச்சு. இங்கயே."

"சாமி மேல?"

சுகுமாறன் கூண்டைப் பார்த்தார். இது போய்விட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது? பேப்பர் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இந்தக் கீச்சுச் சத்தம் இருப்பதால்தான் அவருக்குப் பொழுது விடிகிறது. அதை இழக்க அவருக்கு மனசு வரவில்லை.

"சாமி மேல," என்றார், சாமிக்குக் கேட்காத குரலில்.

புனிதா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"பயப்படாதீங்க, பொய்ச் சத்தியம் இல்ல. இது இங்கதான் பொறந்துச்சு, போன சித்திரையில. முந்தாநாள் நான்தான் கார்த்திகேசு கடையில கொண்டுபோய்க் கொடுத்தேன்."

வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியை அவர் கீழே இறக்கினார். "நீயா? எப்பலேர்ந்து?"

"நீங்க சத்தியம் பண்ண நாள்லேர்ந்து. வாரத்துக்கு ரெண்டு. எனக்குத் துணி காயப்போட இடம் வேணாமா?"

ஊதாக் கழுத்துக்காரன் பறந்துவந்து கம்பியில் தொற்றி, அவள் விரல் நுனியைச் செல்லமாகக் கடித்தான். வாங்கினேன் என்று சொன்னால் கூண்டு போய்விடும். பொறந்தது என்றால் தன் பிள்ளையைத் தானே காசு கொடுத்து வாங்கிய கதை ஊரெல்லாம் போய்விடும். சுகுமாறன் யோசித்துப் பார்த்து, கூண்டே பெரிது என்று முடிவு செய்தார்.

"பொறந்ததுதான்," என்றார். "சரி, மத்ததெல்லாம் எங்க?"

"நாலு இன்னும் கடையிலதான் இருக்கு," என்றாள் புனிதா. "விக்கிறதுக்குள்ள போய்ப் பெத்துட்டு வாங்க."