மைக் அண்ணனை வேலையை விட்டுத் தூக்கிய கதை

எரியோட்டுக்கும் வடமதுரைக்கும் நடுவே நடந்த எந்த நல்லது கெட்டதும் மைக் அண்ணன் வாயால் சொல்லாமல் நடந்ததாகக் கணக்கில்லை. ஆடு குட்டி போட்டாலும் அவர்தான் சொல்வார், ஆள் காணாமல் போனாலும் அவர்தான் சொல்வார். அதுவும் எங்கள் ஸ்பின்னிங் மில்லின் ஒலிபெருக்கியில், மில்லின் கரண்டில், மில்லின் நேரத்தில்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

டைம் ஆபீஸில் வேலை. ஷிப்ட் மாறுவதை மைக்கில் அறிவிப்பார். வேலைக்கு வருகிறவர்களின் செல்போனை கேட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஆபீஸ் குமாஸ்தாவான என் போனும் அந்தப் பெட்டிக்குள்தான். வீட்டிலிருந்து அவசரம் என்றால் டைம் ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிட வேண்டும். எது அவசரம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அண்ணன் தானாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே அவசரம்.

"ரெண்டாம் ஷெட்டு பாண்டியம்மா கவனத்திற்கு. ஒங்க சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. ரசஞ்சோறு சாப்ட்டான். தொட்டுக்க வெஞ்சனம் வேணாம்னுட்டானாம்."

"பேக்கிங் செல்வி கவனத்திற்கு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராக. மாப்ள நல்ல குணமாம். செத்த உயரம்தான் கம்மியாம்."

அந்த உயரத்தைப் பற்றி கேண்டீனில் இரண்டு கட்சி உருவாகி, கடைசியில் குணம் ஜெயித்தது. செல்விக்குக் கல்யாணம் ஆனது.

இத்தனை பேசுகிற மனிதருக்கு மைக் இல்லாவிட்டால் பேச்சே வராது. எதிரில் நின்று "சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் போதும், காது சிவந்து சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்துவிடுவார். மில்லுக்குப் பின்புறம்தான் வீடு. "கொழம்புல உப்பு பத்தலைங்கிறதக்கூட மைக்குல சொல்லித்தான் தம்பி எனக்குத் தெரியும்" என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்.

வினை வெளிநாட்டிலிருந்து வந்தது. நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வந்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த மேனேஜர், எங்கள் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் இங்கிலீஷில் விவரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"மேனேஜர் சார் கவனத்திற்கு. ஒங்க வீட்டம்மா பேசுனாங்க. நேத்து மாதிரி மறந்துறாம இட்லி மாவு வாங்கிட்டு வரணுமாம். மறந்தா உப்புமாதானாம்."

அது என்ன என்று விருந்தாளிகள் கேட்க, "பாதுகாப்பு அறிவிப்பு" என்றார் மேனேஜர். ஷெட்டே சிரித்தது. வந்தவர்களும் பாதுகாப்பாகச் சிரித்து வைத்தார்கள்.

அன்று சாயங்காலமே குற்றச்சாட்டு தயாரானது. நிறுவனத்தின் தொலைபேசி, ஒலிபெருக்கி, மின்சாரம், பணிநேரம் எல்லாவற்றையும் துஷ்பிரயோகம் செய்தார். விசாரணை ஒப்புக்கு நடந்து அண்ணன் டிஸ்மிஸ் ஆனார். யூனியன் விடவில்லை. இழுபறிக்குப் பிறகு, ஓய்வுபெற்ற தொழிலாளர் அதிகாரி ஒருவரை மத்தியஸ்தராக இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. மில்லின் மாடியிலிருந்த பயிற்சி ஹாலிலேயே அவர் உட்கார்ந்தார். நடப்பதை எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு.

"கம்பெனி ஒலிபெருக்கியை ஆட்டுக்கும் மாவுக்கும் பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

அண்ணனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மத்தியஸ்தர் காதில் கையை வைத்துக் குனிந்தார். அண்ணன் பொத்தானைத் திருகினார். இப்படியே போனால் வேலையும் போய், பொத்தானும் போய்விடும் என்று யூனியன் செயலாளர் எழுந்தார்.

"அய்யா, இவருக்கு மைக் இல்லாம பேச்சு வராதுங்கய்யா."

வக்கீல் துள்ளி எழுந்தார். "எந்தப் பொருளைத் துஷ்பிரயோகம் செஞ்சாரோ அதையே கேக்குறாங்க, சார்!"

மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுங்க. இன்னைக்கு ஒரு நாள் ஆகுற கரண்டுல மில்லு முழுகிறாது."

எலக்ட்ரீஷியன் மைக்கை மாட்டினார். கூரையில் இருக்கிற குழாய் ஒலிபெருக்கிகளின் இணைப்பைத் துண்டிக்க மறந்துபோனார். உண்மையிலேயே மறந்தாரா என்று இன்றுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அண்ணன் மைக்கை விரலால் தட்டினார். முதுகு நிமிர்ந்தது.

"மத்தியஸ்தர் அய்யா கவனத்திற்கு."

கணீரென்று கேட்டது, எங்களுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும். மாவுக்காக மேனேஜர் வீட்டம்மா பேசியதும் கம்பெனி போனில்தானே என்று இழுத்துவிடச் சொல்லி செயலாளர் நன்றாகப் பழக்கித்தான் கூட்டி வந்திருந்தார். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை.

"குத்தம் உண்மைதான். ஆடு, மாவு எல்லாம் நாந்தான் சொன்னேன். அதுக்கு முந்தி ஒருவாட்டி சொல்லாமலும் இருந்துருக்கேன். ஒரு புள்ளயோட அப்பா செத்துட்டாருன்னு போன் வந்துச்சு. ஷிப்ட் முடியட்டும்னு மேல சொல்லிட்டாக. அந்தப் புள்ள கேண்டீன்ல சிரிச்சுச் சிரிச்சு சாப்ட்டுச்சு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னேன். போனைப் பூட்டுறது நானு. அப்ப சேதியையும் நாந்தான சொல்லணும்? எது பெரிய சேதி, எது சின்ன சேதின்னு எனக்குப் பிரிக்கத் தெரியலங்கய்யா. அதான் அம்புட்டையும் சொல்லிட்டேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "அறிவிப்பு முடிந்தது. நன்றி."

வக்கீல் தண்ணீர் குடித்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். கீழே ஷெட் வாசல்களில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்த நான் எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணம், ஆனால் டிஸ்மிஸ் அதிகப்படி. வேலையைத் திருப்பித் தர வேண்டும். அண்ணன் இனி மைக்கைத் தொடக் கூடாது. வீட்டிலிருந்து வரும் சேதியை உரியவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கம்பெனி ஜெயித்ததாக மேனேஜர் சொன்னார், யூனியன் ஜெயித்ததாகச் செயலாளர் வெடி போட்டார். வாய் திறக்க வராத மனிதரை ஆள் ஆளாகப் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அண்ணன் சமாளித்தார். ஷெட் இரைச்சலில் எப்படியும் பேச்சு கேட்காது. ஆள் முன்னால் போய் நின்று, காய்ச்சல், விருந்தாளி, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் கையாலேயே சொன்னார்.

அடுத்த வருஷம் என் மனைவியைத் திண்டுக்கல்லில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். மத்தியானம் அண்ணன் மைதானத்தைத் தாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தார். என் மேஜை முன்னால் நின்று தொட்டில் ஆட்டிக் காட்டினார்.

"என்ன புள்ளண்ணே?"

தலையில் பூச்சரம் வைப்பதுபோல் காட்டினார். நான் எழுந்துவிட்டேன். அவர் நகரவில்லை. காது சிவந்தது. வாய் திறந்தது.

"ரெண்டு பேரும் நல்லாருக்காக, தம்பி."

மைக் இல்லாமல் அவர் குரல் அவ்வளவு மெலிசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே கேட்டிருந்தும், கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.