விழித்திருப்பதாகச் செய்த சத்தியம்

ஈப்போ,
14.6.1984

மதிப்புக்குரிய உடையப்பன் மச்சானுக்கு,

வணக்கம். அம்மன் புண்ணியத்தில் உங்கள் தங்கை செல்லாயி நலம். கஞ்சி குடித்தாள், என்னைத் திட்டவும் தொடங்கிவிட்டாள். பாரிட் புந்தாரில் அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே?

ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லையே என்று, தொப்புளுக்குக் கீழே விரல் நுழையும் அளவு கீறி, குழாய் விட்டு உள்ளே பார்க்கப் போகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். கீறலுக்கு அவள் பயப்படவில்லை. முழு மயக்கம் கொடுத்தால் திரும்ப எழுந்திருப்போமா என்பதுதான் பயம். "நான் கண்ணத் தொறக்கறப்ப நீங்க முன்னால முழிச்சிக்கிட்டு நிக்கணும்லா" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் செய்து தொலைத்தேன்.

இன்று காலை ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி கிண்ணத்தில் ஒரு மாத்திரையும் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்து, "மயக்கத்துக்கு முன்னால இத போடணும், பயம் போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எனக்கோ மூன்று நாளாகத் தூக்கமில்லை மச்சான், கால் தையல் மிஷின் மாதிரி ஆடுகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஒருவருக்குக் கொடுத்த மருந்தை வீடே பங்குபோட்டுக் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம், "எனக்கும் பாதி குடு செல்லாயி" என்று கேட்டேவிட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி என்னவோ செய்தாள், பிறகு என் வாயில் மாத்திரையைப் போட்டு, "முழுசாவே முழுங்குங்க, எனக்கு வேணாம்" என்றாள். என்ன தைரியம் பாருங்கள்! அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனதும் காலிக் கட்டிலில் சும்மாதான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். யாரோ உலுக்கினார்கள். "பாங்குன், பாங்குன்! எழுந்திரிங்க, இது பேஷண்ட் கட்டில்லா!" மிஸ்ஸிகள் சிரிக்க, வண்டியில் படுத்தபடி உங்கள் தங்கை என்னையே பார்க்கிறாள். மானம் போயிற்று. அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து, கருக்குழாயில் இரண்டு பக்கமும் அடைப்பில்லை, நம்பிக்கையாக இருங்கள் என்றார். அழுதுவிட்டேன் மச்சான், சந்தோஷத்தில்தான்.

ஆகவே நான் தூங்கியது மருந்தின் வேலை, என் குற்றமில்லை. அக்காவிடமும் அப்படியே சொல்லவும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

அன்புள்ள,
ஐயாவு

பி.கு.: இதைப் படித்துவிட்டுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மிஸ்ஸி கொடுத்ததை அவளே விழுங்கிவிட்டாளாம். எனக்குப் போட்டது அவள் பையில் இருந்த, ரத்தம் ஊறுவதற்கான மாத்திரையாம். "மயக்கம் தெளியறப்ப கண்ணத் தொறக்க முடியல, ஒங்க கொறட்ட மட்டும் கேட்டுச்சு. அப்பாடா, சாவல, நம்ம வீட்லதான் இருக்கேன்னு நெனச்சேன்" என்கிறாள்.