கரண்டி தட்டினால் சபை கூடும்

உலையில் போடுவதற்கு முன்னால் அரிசியைக்கூட ஒரு குழுவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் தூத்துக்குடியில் இருந்தார். என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அவர் இருந்த கூரைக்குக் கீழே நானும் இருந்தேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் மெஸ்ஸில் யாருக்குமே தெரியாது. எல்லாருக்கும் அவர் சபாநாயகர். சலவைக்காரர்கூட அவர் வேட்டியில் 'ச.நா.' என்றுதான் குறி போடுவார்.

புதுத் துறைமுகத்தில் வேலை சூடு பிடித்திருந்த காலம் அது. கப்பல் வந்ததோ இல்லையோ, ஆள் வந்து குவிந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஊரில் படுக்க இடம் கிடையாது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கால் போன பக்கமெல்லாம் போய்விட்டு அங்கே வந்து சேர்ந்தவன். முதலில் உப்பு மூட்டைகளின் மேல் படுத்தேன். காலையில் முதுகு கருவாடு மாதிரி இருக்கும். பிறகு ரயில் பிளாட்பாரத்தில் படுத்தேன். அங்கே போலீஸ்காரர் உள்ளங்காலில் லத்தியால் தட்டி எழுப்புவார். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. "எங்கல தங்கியிருக்க?" என்று கேட்டால் ஒரு முகவரி சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவன் ஜீப்பில் ஏற வேண்டும்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை மெஸ்ஸாக்கியிருந்தார்கள். அங்கே ஜன்னலுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற அகலத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கப்பல் வந்தால் மூட்டை தூக்குவேன். வராவிட்டால் ஐஸ் உடைப்பேன். அதுவும் இல்லையென்றால் சும்மா இருப்பேன். அந்த மெஸ்ஸில் நிரந்தர வேலை இல்லாத ஒரே பிரஜை நான்தான்.

சபாநாயகருக்குச் சங்குக் கிடங்கில் வேலை. முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. சங்கு மட்டும் குளித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை இருக்கும். அதற்குள் நுழைந்து விழுகிற சங்கு குட்டி. அது திரும்பக் கடலுக்குப் போகும். விழாதது கிடங்குக்குப் போகும். நாளெல்லாம் ஓட்டையில் சங்கை விட்டுப் பார்த்துப் பார்த்து, எதையும் நேராக உள்ளே விடக் கூடாது என்கிற புத்தி அவருக்கு ஊறிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அது மட்டும் காரணமில்லை. அதற்கு முன்னால் அவர் மெட்ராஸில், சட்டசபைக்குக் காபி கொண்டுபோகிற கேன்டீனில் சில வருஷம் இருந்தவர். சபை நடக்கிற பெரிய மண்டபத்துக்குள் அவரை விட மாட்டார்கள். குழுக்கள் கூடுகிற சின்ன அறைகளுக்குள் விட்டார்கள், வடை வைப்பதற்கு.

"பெரிய ஹால்ல கேக்குதது வெறும் சத்தம்லே" என்பார். "சட்டம் பொறக்குதது வடை வைக்கிற ரூம்லதான். நான் கண்ணால பாத்திருக்கேன். உளுந்த வடையா இருந்தா மசோதா சீக்கிரம் வெளிய வரும். மசால் வடைன்னா இழுக்கும்."

இந்த ஞானத்தோடு ஊர் திரும்பியவர், எங்கள் மெஸ்ஸைச் சட்டசபையாக ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால் சபை கூடும். மெட்ராஸில் பழைய துணிக்கடையில் வாங்கிய ஒரு கறுப்புக் கோட்டை, தூத்துக்குடி வெயிலில், பனியனுக்கு மேல் போட்டுக்கொள்வார். சோற்றுக் கரண்டியால் தட்டில் ணங் ணங் என்று தட்டி, அதைத் தன் முன்னால் குறுக்காக வைப்பார். அவ்வளவுதான், சபை தொடங்கிவிட்டது. கரண்டி அங்கே இருக்கிற வரைக்கும் யாருக்கும் சோறு கிடையாது. எங்கள் சபையில் பேச்சுகள் சுருக்கமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

கரண்டி தட்டுகிற வரைக்கும் நாங்கள் எல்லாம் "ஏலே". தட்டிய நொடியிலிருந்து "மாண்புமிகு உறுப்பினர்". சபை நடுவே அவருக்குக் கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்: "ஏலே மாண்புமிகு உறுப்பினர், காலை மடக்கி உக்காரும்!"

வாளியை யார் நிரப்பி வைப்பது, கருவாட்டை எந்தக் கொடியில் காயப்போடுவது, எல்லாமே மசோதாவாக வந்தது. எல்லாம் குழுவுக்குப் போனது. மூட்டைப்பூச்சி ஒழிப்பு மசோதாவை ஆராய்ந்த குழு, கட்டிலைப் பார்வையிடுகிறோம் என்று ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து எழுந்து, ஒரு மூலையில் இருந்த பூச்சியைக் கிடங்கு முழுக்கப் பரப்பிவிட்டது. ரசம் தண்ணீராக இருக்கிறது என்ற புகாரை விசாரித்த குழு, ஆதாரத்தைச் சோதிக்கிறோம் என்று அண்டா ரசத்தையும் குடித்துவிட்டு, 'ரசம் நன்றாகவே இருந்தது' என்று அறிக்கை கொடுத்தது. அன்றைக்குச் சபைக்கு ரசம் இல்லை.

ஒரு நாள் கிடங்குக்குச் சொந்தக்காரரே வந்தார், ராத்திரி சீக்கிரம் கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்ல. அவரை ஆட்டுக்கல்லில் உட்கார வைத்தார் சபாநாயகர்.

"அது பார்வையாளர் மாடம். அங்கன உக்காந்து பாக்கலாம், பேசக் கூடாது."

"என் கெடங்குவே இது!"

"பார்வையாளர் சத்தம் போட்டா வெளியேத்த வேண்டி வரும்."

மனிதர் சபை முடிகிற வரைக்கும் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து போய்விட்டார்.

எல்லா விதிகளிலும் ஒரு விதியை அவர் உயிராக வைத்திருந்தார். மசோதா கொண்டுவருகிறவர் எழுந்து, அறிமுகம் செய்ய அனுமதி கேட்பார். உடனே சபை முழுவதும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் 'இல்லை' சொல்வது மரியாதை கிடையாது.

"பச்சப்பிள்ளை பொறந்து வரும்போதே மூக்கு சப்பைன்னு சொல்லுவியாலே? மொதல்ல வரட்டும். குத்தம் குறையெல்லாம் பெறவு குழுவுல பாத்துக்கிடலாம்."

அதனால் என்ன மசோதா என்று கேட்காமலேயே 'ஆம்' என்று கத்திப் பழகிவிட்டோம். என் கதைக்கு வினை அங்கேதான் வந்தது.

கப்பலில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிற ஒருவர் மெஸ்ஸில் இருந்தார். விஞ்ச் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர்தான். அவர் மச்சினனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. படுக்க இடம் வேண்டும். மெஸ்ஸில் இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அவர் எழுந்து மெஸ் ஒழுங்குமுறை மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார். நிரந்தர வேலை இல்லாத எவரும் மெஸ்ஸில் படுக்கக் கூடாது. அவ்வளவுதான் மசோதா. யார் பெயரும் அதில் இல்லை.

"ஆம் என்போர்?" என்றார் சபாநாயகர்.

நண்டு வாசத்தில் எல்லாரையும் விடச் சத்தமாக 'ஆம்' என்றவன் நான்.

பக்கத்தில் இருந்த தொம்மை அண்ணன் என் விலாவில் இடித்தார். கொழும்புக்குப் போகிற தோணியில் மாலுமி அவர். "ஏலே கூறுகெட்ட பயலே, ஒன்னியத்தாம்லே வெளிய தள்ளுதாங்க!"

எழுந்தேன். "அண்ணாச்சி, நான் தெரியாம..."

"மாண்புமிகு உறுப்பினர் அமருங்கள். அறிமுகம் முடிஞ்சிட்டு."

"இன்னைக்கே எடுத்துக்கிடலாம்" என்றார் விஞ்ச் அண்ணாச்சி.

சபாநாயகர் கரண்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "படுக்கையத் தொடுத மசோதா நேரா போவாது. தெரிவுக் குழுவுக்குப் போவும். கொண்டுவந்தவர் முறைப்படி குழுவுல ஒருத்தர். அடுத்தது தொம்மை. அடுத்தது நாசரேத் சார். மூணு பேரும் ஒண்ணா இருந்தாத்தான் குழு கூடலாம்."

நாசரேத் சார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து நிற்பவர். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சபாநாயகரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நான் எங்கன போவேன்? திரும்ப பிளாட்பாரத்துக்கா?"

"சபாநாயகர் எந்தப் பக்கமும் பேசப்படாது. அந்தத் தட்டுல இன்னும் பிசுக்கு இருக்கு பாரு, நல்லாத் தேய்" என்று போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. தட்டைத் தேய்த்தேன்.

மறுநாள் விடியக்காலம் தொம்மை அண்ணனின் தோணி வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது நாசரேத் சார் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தார். சார் வந்தபோது தோணி மறுபடி போயிருந்தது. விஞ்ச் அண்ணாச்சி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தனி ஆளாகக் குழுவாக உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரு போதும்லா?" என்று கெஞ்சினார். "வடை வைக்கிற ரூம்ல நான் பாத்த முறை அதில்ல" என்றார் சபாநாயகர்.

பொங்கல் கழிந்து மூவரும் ஒருவழியாகச் சேர்ந்தார்கள். உடனே, மக்கள் கருத்தைக் கேட்டீர்களா என்றார் சபாநாயகர். குழு தெருவில் இறங்கியது. டீக்கடைக்காரர், "பையன் நல்லவந்தான், டீய ஆற வச்சுக் குடிக்கான், பெஞ்சு காலியாவ மாட்டேங்குது" என்றார். முடிவெட்டுகிறவர், எனக்கு முடி அடர்த்தி என்பதைப் பதிவு செய்தார். தெருமுனையில் மீன் விற்கிற அம்மா, "ஒரு மனுசன் படுக்குததுக்குமா ஊரக் கூட்டிக் கேக்குதிய, வெக்கமில்ல?" என்று சீலா மீனை ஓங்கினாள். குழு அவசரமாகத் திரும்பிவிட்டது.

கடைசியில் இரண்டுக்கு ஒன்று. தொம்மை அண்ணன் என் பக்கம். சார், "தம்பி, உன்மேல கோபம் இல்ல. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா" என்று விஞ்ச் அண்ணாச்சி பக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை வைத்து, ஓட்டெடுப்பு. அந்த வாரம் விஞ்ச் அண்ணாச்சி தினமும் சாயங்காலம், வாயில் போட்டால் மாவாக உதிர்கிற மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். முந்திரி வாசம் அடிக்கும். எல்லார் வாயும் வெள்ளையாக இருக்கும். எனக்கும் ஒன்று கொடுத்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. எத்தனை ஓட்டு அவர் பக்கம் என்று வாய்களைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை என் துணிகளை மூட்டை கட்டி வைத்தேன். கட்டுவதற்கு அதிகம் இல்லை.

அன்று சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் செய்தி. சென்னையில் சட்டசபையைக் கலைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் செய்தியைக் கேட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். சபாநாயகர் மட்டும் கிளாஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் கூடினோம். மச்சினன் தகரப்பெட்டியோடு வந்து ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்தான். விஞ்ச் அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். சபாநாயகர் வந்தார். கோட் இல்லை. வெறும் பனியன்.

"வே, கரண்டியத் தட்டும்" என்றார் விஞ்ச் அண்ணாச்சி.

"எதுக்கு?"

"சபை கூடணும்லா."

"சபையா? நேத்தே கலைச்சாச்சே. ரேடியோவுல சொன்னானே, கேக்கலியா?"

"அது மெட்ராஸ்ல உள்ளதுல்லா!"

"அங்க உள்ள பெரிய சபையே இல்ல. அதப் பாத்து நடக்குத இந்தப் பொடிச் சபை மட்டும் எப்படிவே இருக்கும்?"

விஞ்ச் அண்ணாச்சிக்கு வேர்த்தது. "சரி கலைங்க. என் மசோதா?"

"சபை கலைஞ்சா, முடியாமக் கெடக்குத மசோதா அத்தனையும் காலாவதி. அதான் முறை."

"புதுசாக் கொண்டு வாரேன்!"

"எங்கன கொண்டு வருவேரு? கொண்டு வாரதுக்குச் சபை வேணும்லா."

"அப்ப சபை எப்ப கூடும்?"

"தேர்தல் வச்சா கூடும்."

"தேர்தல் எப்பவே?"

"அது என் கையிலயா இருக்கு? டெல்லியில போயி கேளும்."

தொம்மை அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. நாசரேத் சார் எழுந்து, "முறைன்னா முறைதான்" என்று நிமிர்ந்து நின்றார். சபாநாயகர் கரண்டியை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்னலே முழிக்க? இனி இது வெறும் கரண்டிதான். எல்லாருக்கும் சோறு போடு. அந்த மச்சினனுக்கும் போடு, பாவம், பசியா இருப்பான்."

மச்சினன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். நான் மூட்டையை அவிழ்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற கிழமைகள் மாதிரி ஆகிவிட்டன. சோறு நேரத்துக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நேரம் வந்தால் சபாநாயகருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. துவைத்த பனியனையே மறுபடி துவைப்பார். கோட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதன் பொத்தானை அவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, சென்னையில் புதுச் சபையும் கூடியது. "இனிக் கூட்டும்வே" என்று எல்லாரும் நச்சரித்தார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும் என்று நினைத்தேன். அவரோ தட்டு நெளிந்திருக்கிறது என்றார். கோட் சலவைக்குப் போக வேண்டும் என்றார். வாக்காளர் யார் யார் என்று முடிவாகவில்லை என்றார். ஆசை விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்போதும் எனக்கு நிரந்தர வேலை கிடையாது. விஞ்ச் அண்ணாச்சிக்கு இன்னொரு மச்சினனும் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாய்ப் பக்கம் போகிற உப்பு லாரியில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரே ஊரில் அதுவரைக்கும் நான் அவ்வளவு நாள் இருந்ததில்லை. கால் அரித்துக்கொண்டே இருந்தது. மூட்டையோடு போய்ச் சொன்னேன்.

"போறியா? நெசமாவா?"

"ஆமா அண்ணாச்சி."

"திரும்பி வருவியாலே?"

"தெரியல. வர மாட்டேன்னு நெனைக்கேன்."

"சரியாச் சொல்லு. வர மாட்டல்லா?"

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. "வர மாட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கையில் ஒரு மக்ரூன் பொட்டலத்தைத் திணித்து, வாசல் வரைக்கும்கூட வராமல் உள்ளே போய்விட்டார்.

சந்து முனையில் திரும்பும்போது, பின்னால் கரண்டி தட்டில் மோதுகிற சத்தம் கேட்டது. ணங் ணங். நின்றேன். விஞ்ச் அண்ணாச்சியின் குரல், ஏதோ மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டது.

"ஆம் என்போர்?" என்றது கோட் போட்ட குரல்.

மெஸ் முழுவதும் கத்தியது. தெருவில் நின்றபடி, தோளில் மூட்டையோடு, நானும் 'ஆம்' என்றேன்.